ஆக வரி 24

போன கிழமை கனடாவிலிருந்து வந்த ஒருவரின் கையில் மச்சாள் ஒரு ஹாட் டிஸ்க் கொடுத்துவிட்டிருந்தாள். உள்ளங்கை அகலத்தில் கறுத்தப் பெட்டி. பிள்ளையின் கம்பளிக் காலுறைக்குள் சுற்றியிருந்தாள். கூடவே சொக்கிளேற்றும் அம்மாவின் மூட்டு வலிக்குத் தைலமும். எங்கள் குடும்பத்து நாடகக் கொப்பிகளை ஸ்கேன் செய்த படங்கள் அதற்குள் கிடக்கின்றன. மன்னார்ப் பேசாலையில் என்னிடம் ஒரு பிரதி, ரொறன்ரோவில் அவளிடம் ஒரு பிரதி. யாராவது போக வர அவளுடையதை வரவழைத்து ஒப்புப்பார்ப்பது எங்கள் வழக்கம்.

லப்டொப்பில் செருகினேன். கறுப்புத் திரையைத் திறந்து 'ஷா256சம் மைனஸ் சி' என்று அடித்து, பட்டியலின் பெயரையும் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனேன். வந்து பார்க்கிறேன், கோப்பின் பெயர், பக்கத்தில் ஓகே. அடுத்த பெயர், ஓகே என்று வரிசை மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. கண்ணுக்கு முன்னால் அப்பாவின் பென்சில் வந்து நின்றது.

அப்பா தபால் கந்தோர்க்காரர். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கின காலத்தில் தலைமன்னாரில் இருந்தார். அந்த நாள் தலைமன்னாரை இன்றைக்கு வருகிறவர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். கொழும்பிலிருந்து இரவில் புறப்படும் மெயில் ரெயின் விடிகிற நேரம் இறங்குதுறையில் வந்து நிற்கும். பெட்டி படுக்கையோடு சனம் இறங்கி, சுங்கக்காரர் முன்னால் மூட்டையை அவிழ்த்துக் காட்டிவிட்டு, 'இராமானுஜம்' கப்பலில் ஏறி இராமேஸ்வரம் போகும். 1914இல் தொடங்கிய கப்பல் வழி அது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அள்ளிக்கொண்டு போன பிறகு அந்தக் கரையில் இறங்குமிடம் இராமேஸ்வரம் ஆகிவிட்டது. கப்பல் வருகிற நாட்களில் கந்தோரில் தந்தி குவியும். வந்து சேர்ந்தோம், நாளைக்கு ரெயின் ஏறுகிறோம், பணம் அனுப்பு என்று எல்லாம் சின்னச் சின்னச் சேதி.

எனக்கு அங்கே போய் இருப்பதில் ஒரே விருப்பம் மோர்ஸ் கட்டையின் சத்தம். அப்பா தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டே எழுதுவார். எழுதி முடிந்ததும் உடனே கையெழுத்து வைக்கமாட்டார். பென்சிலை எடுத்து ஒவ்வொரு சொல்லின் கீழும் ஒரு புள்ளி குத்திக்கொண்டு போவார். கடைசிப் புள்ளியோடு நிமிர்ந்து, படிவத்தின் தலைப்பைப் பார்ப்பார். எங்கிருந்து வந்தது, எத்தனை மணி என்பதோடு எத்தனை சொல் என்றும் தலைப்பில் இருக்கும். அந்த எண்ணை அனுப்புகிறவர்தான் முதலில் சொல்லிவிட்டுச் சேதியைத் தொடங்குவார். புள்ளியும் எண்ணும் பொருந்தினால்தான் தந்தி கந்தோரை விட்டு வெளியே போகும்.

ஒருநாள் பேசாலைக் கருவாட்டு முதலாளி ஒருவருக்குக் கொழும்புப் புறக்கோட்டைக் கடையிலிருந்து தந்தி வந்தது. இருபது மூட்டை அனுப்பு என்று இங்கிலீஷில். முதலாளியின் ஆள் ஏற்கெனவே வாசலில் சைக்கிளோடு நிற்கிறான், லொறி புறப்படப்போகிறது என்று அவசரப்படுத்துகிறான். அப்பா புள்ளி குத்தினார். ஒரு சொல் குறைந்தது. திரும்பக் குத்தினார். அப்போதும் குறைந்தது.

"ஐயா, விளங்குது தானே, இருபது மூட்டை, தாங்கோ" என்றான் அவன்.

"உனக்கு விளங்கும் தம்பி. எனக்குக் கணக்கு வரேல்ல" என்று சொல்லிவிட்டுக் கட்டையைத் தட்டத் தொடங்கினார். திருப்பி அனுப்பச் சொல்லி வாங்கினபோது 'ட்வென்ரி'க்குப் பிறகு 'ஃபைவ்' இருந்தது. இருபத்தைந்து மூட்டை. விட்டுப்போன சொல் இல்லாமலும் அந்த வசனம் நல்ல வசனமாகத்தான் நின்றது. வாசித்துப் பார்த்து யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

இரவு சாப்பிடும்போது அப்பாவிடம் கேட்டேன். "இருபதுக்குப் பதிலா முப்பது எண்டு வந்திருந்தா? அப்பவும் ஒரு சொல்லுத்தானே?"

அப்பா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "அதுக்குத்தான் மகன், இலக்கம் வாற தந்தியில கடைசியில அந்த இலக்கங்களை மட்டும் இன்னொருக்காச் சொல்லுறது" என்றார். எண்ணிக்கை ஒருவகைப் பிழையைத்தான் பிடிக்கும், ஆள்மாறாட்டத்தைப் பிடிக்காது என்பது தந்திக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. கணினிக்காரர்கள் தலையை உடைத்துக்கொண்டதும் இதே இடத்தில்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

அம்மாவின் பக்கத்தில் வேறு கதை. அம்மப்பா பேசாலையில் நாடகக் கொப்பி எழுதுகிறவர். மன்னார்க் கத்தோலிக்க ஊர்களில் திருநாள் வந்தால் நாடகம் இல்லாமல் முடியாது. வடபாங்கு, தென்பாங்கு என்று பாடும் முறையில் ஊருக்கு ஊர் வித்தியாசம், அதிலே ஊருக்கு ஊர் சண்டை. எண்டிறீக்கு எம்பரதோர், மூவிராசாக்கள், ஞானசவுந்தரி என்று விடியவிடிய ஆடும் நாடகங்கள். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இவற்றில் சிலதைத் தேடி எடுத்துப் பதிப்பித்த பிறகுதான் படித்தவர்கள் இவற்றை இலக்கியம் என்றே ஒத்துக்கொண்டார்கள். அதற்கு முன்னால் எல்லாம் நாடகம் பழக்கும் அண்ணாவியாரின் தொண்டையிலும் அம்மப்பா போன்றவர்களின் கொப்பியிலும்தான் இருந்தன.

ஒரு நாடகத்தைப் பெயர்த்தெழுத ஒரு மாரி முழுக்கப் போகும். வாடைக் காற்றுக்குக் கடலுக்குப் போகமுடியாத நாட்களில், பெரிய சீஆர் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, மூலக் கொப்பியைப் பலகையில் சாத்திவைத்து எழுதுவார். விருத்தம் என்றால் ஒரு மை, தரு என்றால் ஒரு மை. பக்கம் முடிந்தவுடன் அடியில் ஒரு கோடு இழுத்து, அதன் கீழ் 'ஆக வரி 24' என்று எழுதுவார். அடுத்த பக்கத்தில் 22 இருக்கலாம், 25 இருக்கலாம். காணி உறுதி எழுதுகிறவர்களிடம் பார்த்துப் பழகினாராம். தொகையை எழுத்திலும் எழுதி இலக்கத்திலும் எழுதும் அவர்களுடைய சந்தேக புத்தி அவருக்குப் பிடித்துப்போயிற்று.

எழுதி முடித்த பிறகு ஒப்புப்பார்ப்பது. அம்மா மூலத்தை வாசிக்க, அம்மப்பா தன் கொப்பியில் விரலை ஓட்டுவார். அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது தூக்கத்தில் ஒரு வரியைத் தாண்டி வாசித்து, அம்மப்பாவின் விரல் அந்த வரியிலேயே நின்றுவிட்ட கதையை இன்றைக்கும் சொல்லுவார். ஓலைச்சுவடிக் காலத்திலும் இப்படிக் காவல் இருந்திருக்கிறது. ஒற்றை நீக்கி 32 எழுத்தை ஒரு கிரந்தம் என்று எண்ணி, நூலின் அளவை அந்தக் கணக்கில் குறிப்பார்கள். அந்தாதியில் ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கம் என்பதால், ஏடு ஒன்று தவறினால் அந்த இடத்திலேயே பாட்டு இடறும். நாவுக்கும் காதுக்கும் சுகம் என்பதோடு இது கட்டுக்காவலும்தான் என்று எனக்குத் தோன்றுவது கணினியோடு பழகின தோஷமாக இருக்கலாம்.

1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியது. மன்னார்ப் பாலம் உடைந்தது. கரையோர ஊர்கள் படகேறின, நாங்களும் ஏறினோம். இரவில், அலை முழங்காலில் அடிக்க நின்று, வள்ளத்தில் ஒரு ஆளுக்கு ஒரு பை என்று சொன்னார்கள். அம்மா எடுத்தது உறுதிகள், எங்களுடைய ஞானஸ்நான அத்தாட்சிகள், கலியாணப் படம் ஒன்று. கொப்பிகள் இருந்த தகரப் பெட்டி பாரம். கோயில் வளவில் சுவாமியார் இருந்த வீட்டில் அதைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

இந்தியக் கரையில், மண்டபம் அகதி முகாமில் மாமாவுக்குப் பொழுது போகவில்லை. அவர் ஊரில் ராசா வேஷம் கட்டியவர், நாடகம் முழுக்கப் பாடம். இந்திய நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கி, ஞாபகத்திலிருந்து எழுதத் தொடங்கினார். பக்கத்துக் குடிசைகளில் இருந்த பழைய நாடகக்காரர்கள் வந்து குந்தியிருந்து தங்கள் தங்கள் பாத்திரத்தின் பாட்டைச் சொல்லிக்கொடுத்தார்கள். மந்திரியாக ஆடியவர் ஒருவர், தண்ணீர் லொறிக்கு வரிசையில் நிற்கும்போதே விருத்தம் பாடி எழுதுவிப்பார். குடத்தோடு நிற்கிற பெண்கள் சிரிப்பார்கள். பிறகு அவர்களும் பின்பாட்டுப் பாடுவார்கள்.

2002 சமாதானத்துக்குப் பிறகு ஊருக்குத் திரும்பி வந்தோம். தகரப் பெட்டி இருந்தது, ஆனால் கறையான் எங்களுக்கு முன்னால் போயிருந்தது. மாமா முற்றத்தில் பாய் விரித்து, ஈரம் வற்றாத கொப்பியை வைத்து, தன் முகாம் நோட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்புப்பார்த்தார். பல இடங்களில் அவருடைய ஞாபகம் கொப்பியை விடச் சுத்தம். சில இடங்களில் ஒரே கருத்து, வேறு சொல். இதைத்தான் பதிப்பாசிரியர்கள் பாடபேதம் என்கிறார்கள். மாமா அதற்கு வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.

ஒரு பக்கம் நடுவில் வட்டமாக அரித்துப் போயிருந்தது. மேலே கொஞ்ச வரி, கீழே கொஞ்ச வரி, இடையில் ஓட்டை. அடியில் அம்மப்பாவின் கையெழுத்து மட்டும் பழுதில்லாமல் கிடந்தது: ஆக வரி 24. மாமா தன் நோட்டில் அந்த இடத்தை எண்ணினார். 23. திரும்பத் திரும்ப எண்ணினார். ராசாத்தியும் தோழியும் மாறி மாறிப் பாடுகிற இடம் அது. எந்த வரி என்று அவருக்குப் பிடிபடவில்லை. வங்காலையில் ஒரு பெரியவர் அந்தப் பகுதியைப் பாடுவார் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தோம். அவர் பாடினதிலும் 23தான். ஒரு வரி தொலைந்திருக்கிறது என்பதை எங்களுக்கு அறுதியிட்டுச் சொல்வது அந்த எண் மட்டுமே. எந்த வரி என்று அது சொல்லாது, சொல்லவும் முடியாது. பின்னாளில் நாங்கள் தட்டச்சு செய்த பிரதியில் அந்த இடத்தில் புள்ளி வரிசை ஒன்று போட்டு விட்டிருக்கிறோம். இன்றுவரை அது புள்ளியாகவேதான் இருக்கிறது.

நான் முதன்முதலாக எம்டி5 என்ற சொல்லைக் கேட்டது அந்தச் சமாதான காலத்துக்குப் பிந்திய சில வருஷங்களில், மன்னார் ரவுணில் ஒரு இன்ரர்நெற் கடையில். ஒடுக்கமான கடை, உள்ளே மின்விசிறிச் சத்தம், வாசலில் நிழலுக்கு ஒதுங்கிய கழுதைகள். மன்னார்க் கழுதைகளுக்கு வாடிக்கையாளரை விட உரிமை அதிகம். கடைக்காரப் பொடியனுக்கு லினக்ஸ் பைத்தியம். உபுண்டுக்காரர்கள் அந்த நாட்களில் கேட்டால் இலவசமாகத் தபாலில் சீடி அனுப்புவார்கள், 2011இல்தான் நிறுத்தினார்கள். இவனுக்குத் தபால் வரும்வரை பொறுமை இல்லை. 700 எம்பி வட்டை இரவிரவாக இறக்கினான். கரண்ட் போகும், லைன் அறும், விட்ட இடத்திலிருந்து திரும்பத் தொடங்கும். கடைசியில் முழுசாக வந்துவிட்டது என்று சீடியில் எழுதிப் போட்டால், பாதியில் உறைந்து நிற்கிறது.

கோப்பின் அளவு சரியாகத்தான் இருந்தது. அவன் கறுப்புத் திரையைத் திறந்து 'எம்டி5சம்' என்று அடித்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு நீட்டு வரி விழுந்தது: 0 முதல் 9 வரை இலக்கங்களும், ஏ முதல் எஃப் வரை ஆறு எழுத்துக்களும் கலந்த 32 குறிகள். உபுண்டுவின் தளத்தில் போட்டிருந்த வரியைப் பக்கத்தில் வைத்தான். முதல் குறியிலிருந்தே வேறு.

"எவ்வளவு பிழை?" என்று கேட்டேன்.

"அது தெரியாது அண்ணை. ஒரு புள்ளி மாறியிருந்தாலும் இப்பிடித்தான் முழுக்க மாறும். சரி, இல்லாட்டிச் சரியில்லை. ரெண்டுதான்."

'எனக்குக் கணக்கு வரேல்ல' என்று அப்பா சொன்னது அப்போது எனக்குக் கேட்டது. ஒரு கிரந்தத்துக்கு 32 எழுத்து, எம்டி5க்கு 32 குறி என்பது வெறும் தற்செயல்தான், ஆனால் எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

இதன் உள்வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கோப்பு என்பது கடைசியில் எண்களின் வரிசை. அதைச் சம துண்டுகளாக வெட்டி, முதல் துண்டைக் கலக்கி ஒரு தொகை எடுத்து, அந்தத் தொகையோடு இரண்டாம் துண்டைக் கலக்கி, அதில் வருவதோடு மூன்றாவதை என்று கடைசிவரை போவது. முடிவில் வருவதுதான் சரிபார்ப்புத் தொகை. கோப்பு ஒரு பக்கமாக இருந்தாலும் ஒரு நூலகமாக இருந்தாலும் தொகையின் நீளம் ஒன்றே. கலக்கும் முறைதான் அப்பாவின் புள்ளிக்கும் இதற்கும் உள்ள தூரம்: இருபது முப்பதானால் சொல்லின் எண்ணிக்கை மாறாது, ஆனால் இந்தத் தொகை அடையாளம் தெரியாமல் மாறிவிடும். கோப்பின் பெயர் கணக்கில் சேராது. பெயரை என்னவென்று மாற்றினாலும் தொகை அதேதான்.

எம்டி5ஐ 1991இல் செய்தவர் ரொனால்ட் ரிவெஸ்ட். 2004இல் வாங் சியாவ்யுன் என்ற சீனப் பெண் கணிதவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் அதை உடைத்தார்கள். வேறு வேறான இரண்டு கோப்புகளுக்கு ஒரே தொகை வரும்படி செய்து காட்டினார்கள். அடுத்து ஷா1. அதையும் 2017 பெப்ரவரியில் கூகிளும் ஆம்ஸ்டர்டாம் ஆய்வுக்கூடம் ஒன்றும் சேர்ந்து, ஒரே தொகை உள்ள இரண்டு பிடிஎஃப் கோப்புகளை வெளியிட்டு முடித்துவைத்தன. இப்போது எல்லாரும் நம்பியிருப்பது ஷா256; 64 குறிகள். வரக்கூடிய தொகைகளின் எண்ணிக்கையே 78 இலக்கம் உள்ள எண். டிஸ்க் பழுதாகிறதா என்று பார்க்க எம்டி5 இன்றைக்கும் போதும். வேண்டுமென்று ஒருவன் ஆள்மாறாட்டம் செய்வதைத் தடுக்க அது போதாது. இரண்டையும் குழப்பி, எம்டி5 என்றாலே குப்பை என்று பேசுகிறவர்களோடு நான் வாதாடுவதில்லை. புதிதாகத் தொடங்குகிறவர் ஷா256ஐ எடுத்துக்கொண்டால் பேச்சே இல்லை.

அடையாள அட்டையிலும் இப்படி ஒரு சங்கதி இருக்கிறது. நாங்கள் சோதனைச் சாவடி சாவடியாக நீட்டின பழைய இலங்கை அட்டையின் இலக்கத்தில் முதல் இரண்டும் பிறந்த வருஷம், அடுத்த மூன்றும் வருஷத்தில் எத்தனையாவது நாள் (பெண் என்றால் 500 கூட்டவேண்டும்), அடுத்த மூன்றும் தொடர் இலக்கம். ஒன்பதாவது இலக்கம் முன்னால் உள்ளவற்றைச் சரிபார்க்க வைத்தது. சாவடி ஒன்றில் என்னுடைய இலக்கத்தில் இரண்டைத் தலைமாற்றி எழுதி, அடுத்தநாள் திரும்பி வரும்போது அப்படி ஒரு ஆள் போகவே இல்லை என்று வெயிலில் நிறுத்தி வைத்தார்கள். அந்தப் பிழையைப் பிடிப்பதற்கென்றே ஒரு இலக்கத்தை அட்டையில் அச்சடித்துத் தந்திருக்கிறார்கள் என்று எழுதினவருக்கும் தெரியாது, அன்றைக்கு எனக்கும் தெரியாது. சரிபார்க்க ஒருவரும் இல்லாவிட்டால் சரிபார்ப்பு இலக்கம் வெறும் இலக்கம்.

கொப்பிகளை ஸ்கேன் செய்யத் தூண்டியது நூலகத் திட்டம். 2005இல் தொடங்கி, ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாக இணையத்தில் ஏற்றி, இன்றைக்கு எங்களுடைய ஆட்கள் எந்த நாட்டிலிருந்தும் எடுத்து வாசிக்கும்படி வைத்திருக்கிறார்கள். அவர்கள் செய்வதைப் பார்த்துத்தான், கறையான் மிச்சம் விட்டதையாவது காப்பாற்றுவோம் என்று மாமாவும் நானும் இறங்கினோம். பக்கத்தைப் பிரிக்க மீன்முள் மாதிரி மெல்லிய மூங்கில் சீவல், தூசுக்குச் சவரத் தூரிகை. ஒரு கொப்பி முடிந்த அன்றே எல்லாப் படங்களுக்கும் தொகை எடுத்து ஒரு சின்ன எழுத்துக் கோப்பில் போட்டுவிடுவேன். ஒரு வரிக்கு ஒரு படம்: 64 குறி, இரண்டு இடைவெளி, கோப்பின் பெயர். அதுதான் பட்டியல். பெரிய ஆவணக் காப்பகங்களும் இதைத்தான் செய்கின்றன. இணைய ஆவணகம் தன்னிடம் உள்ள ஒவ்வொரு கோப்புக்கும் எம்டி5ஐயும் ஷா1ஐயும் எழுதி வைத்திருக்கிறது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பயன்படுத்தும் பேக்கிட் முறை என்பதும் கோப்புகளை ஒரு உறையில் போட்டு, தொகைப் பட்டியலைக் கூடவே வைத்துக் கட்டுவதுதான்.

பிரச்சினை வந்தது உறவினர்களால். மாமாவின் மகன் லண்டனிலிருந்து, "எனக்கும் அனுப்புங்கோ" என்றான். அவசரத்துக்கு யாரோ வாட்ஸ்அப்பில் படம் படமாக அனுப்பிவிட்டார்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி, திரும்ப நெரித்துத்தான் அனுப்பும். கையடக்கத்தில் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. பெரிதாக்கிப் பார்த்தால் அம்மப்பாவின் புள்ளிகள் கரைந்து போயிருக்கும். தமிழில் ஒரு புள்ளி போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டு வருஷம் கழித்து அவன் அந்தப் படங்களையே இன்னொருவருக்குக் கொடுக்க, அவர் அதுதான் மூலம் என்று நினைத்து எனக்கே திருப்பி அனுப்பினார். பட்டியலோடு ஒப்பிட்டேன். ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

தட்டச்சுப் பிரதியில் வந்த குழப்பம் இதைவிட ருசியானது. ஒரே பக்கத்தை இரண்டு பேர் தட்டச்சு செய்தார்கள், ஒருவர் பழைய பாமினி எழுத்துருவில், ஒருவர் யூனிகோடில். பாமினியை மாற்றி எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்து நானும் மச்சாளும் எழுத்தெழுத்தாக வாசித்தோம். ஒரு பேதமும் இல்லை. தொகை மட்டும் வேறு வேறு. 'சிஎம்பி' என்ற இன்னொரு கட்டளை, முதலில் எந்த இடத்தில் விலகுகிறது என்று காட்டியது. கொலுவில் ராசா வந்து அமரும் இடத்தில் 'கொ'. பாமினியில் கொம்பு, க, அரவு என்று மூன்று தட்டு. மாற்றித் தந்த மென்பொருள் கொம்பையும் அரவையும் தனித்தனியாகவே விட்டுவிட்டது. மற்றவருடையதில் கொம்பும் அரவும் சேர்ந்த ஒற்றைக் குறி. திரையில் இரண்டும் அச்சொட்டாக ஒரே 'கொ'. யூனிகோடின் விதிப்படியும் இரண்டும் சமம்தான். ஆனால் தொகைக்குச் சமம் என்றால் என்னவென்று தெரியாது, அதே என்றால்தான் தெரியும். எல்லாவற்றையும் ஒற்றைக் குறிக்கு மாற்றிய பிறகு இரண்டு தொகையும் பொருந்தின. அன்றைக்கு மச்சாள் தொலைபேசியில் போட்ட கூச்சலுக்குப் பக்கத்து வீட்டு நாய் எழும்பியிருக்கும்.

ரொறன்ரோவிலிருந்து வந்த டிஸ்கிலும் எல்லாம் ஓகே இல்லை. கடைசிக்குக் கிட்ட ஒரு வரியில் 'ஃபெயில்ட்' என்று விழுந்தது. ஓட்டம் முடிந்ததும், ஒரு தொகை பொருந்தவில்லை என்று எச்சரிக்கையும் வந்தது. அந்தப் படத்தைத் திறந்தேன். நல்ல தெளிவான படம். என்னிடம் இருப்பதைத் திறந்தேன். அதுவும் தெளிவு, ஆனால் பக்கம் சரிந்து கிடக்கிறது. ஸ்கேன் செய்தபோது கொப்பியை அப்படித்தான் வைக்கவேண்டியிருந்தது. மச்சாளுக்கு அழைத்தேன். அவள் மகளிடம் கேட்டாள்.

"மாமா, அது நான்தான் நிமித்தினனான்" என்றது பிள்ளை. "சரிஞ்சு கிடந்தா எப்பிடி வாசிக்கிறது? நிமித்திப்போட்டு சேவ் பண்ணினனான்."

"நீ தமிழ் வாசிப்பியே?"

"கொஞ்சம் கொஞ்சம். ராசாத்தி பாடுறது மட்டும் வாசிச்சனான்."

கோபிக்க மனம் வரவில்லை. ரொறன்ரோவில் பிறந்த பிள்ளை பேசாலைக் கொப்பியை நிமிர்த்தி வைத்து வாசித்திருக்கிறது. அவளுக்கு வாசிக்க ஒரு தனிக் கோப்புறை வைத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டு, அந்த ஒரு படத்தை என் பிரதியிலிருந்து திரும்ப எழுதினேன். எது மாறியது என்று தொகை சொன்னது. மாறாத ஒன்று இன்னொரு ஊரில் இருந்தபடியால்தான் அதைத் திருத்த முடிந்தது. தகரப் பெட்டிக் காலத்தில் எங்களிடம் எண் இருந்தது, இரண்டாவது கொப்பி இருக்கவில்லை.

பட்டியலையும் கோப்புகளையும் ஒரே இடத்தில் வைப்பதன் ஆபத்தை 2016 பெப்ரவரியில் லினக்ஸ் மிண்ட் காரர்கள் அனுபவித்தார்கள். அவர்களுடைய தளத்துக்குள் புகுந்தவர்கள், இறக்கும் இணைப்பைத் திருப்பி, கள்ளக் கதவு வைத்த வட்டைக் கொடுத்தார்கள். மிண்ட் குழு உண்மையான எம்டி5 தொகைகளை அறிவித்து, இறக்கியவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னது. தளத்தையே மாற்றத் தெரிந்தவனுக்கு அதில் எழுதியிருக்கும் தொகையை மாற்ற எவ்வளவு நேரம்? அதனால் நான் பட்டியலைக் கடதாசியிலும் அச்சடித்து வைத்திருக்கிறேன். அச்சடித்த தாளின் அடியில் 'ஆக வரி' போட்டு இலக்கத்தையும் எழுதிவிடுகிறேன், பழக்கதோஷம்.

மன்னார்த் தீவில் இப்போது காற்றாலைகள் நிற்கின்றன. தம்பபவனியின் 30 காற்றாலைகள் எங்கள் கரைக்கு மேலே சுற்றுகின்றன. 2015இல் ரெயினும் தலைமன்னார் இறங்குதுறைவரை திரும்ப வந்துவிட்டது. கப்பல்தான் இல்லை, 1984இல் நின்றது நின்றதுதான். ஊர்களில் பிள்ளைகள் கையடக்கத்தில் கோயில் பதிவேட்டையும் பாட்டனாரின் பாட்டுக் கொப்பியையும் படம் பிடிக்கிறார்கள். நல்ல காரியம். பிடித்த அன்றே, ஒருவருக்கும் அனுப்புவதற்கு முன்னால், தொகை எடுத்துவிடுங்கள். லினக்ஸில் ஷா256சம், மக்கில் ஷாசம், விண்டோஸில் சேர்ட்யூட்டில் என்று கட்டளை எல்லாவற்றிலும் சும்மா கிடக்கிறது, காசு இல்லை. வருஷத்தில் ஒருதரமாவது திரும்ப ஓட்டிப் பாருங்கள். பட்டியலை அதே டிஸ்கில் மட்டும் வைத்துவிட்டு இருந்துவிடாதீர்கள். இன்னொரு ஊரில் இருக்கிற, தொலைபேசி எடுத்தால் பதில் சொல்கிற ஒருவரிடம் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்.